டெய்சி ஊளையிட்ட ஞாயிற்றுக்கிழமை

அந்தக் காலத்தில், டெலிவிஷன் பெட்டி ஊருக்குள் புதிதாக வந்திருந்தபோது, நாய்களும் பேசிக்கொண்டிருந்தன. நம்மைப் போல ஓயாமல் இல்லை. தேவைக்கு நாலு வார்த்தை.

ஆற்றங்கரை நகரம் ஒன்றின் போலீஸ் குடியிருப்பில் அருளப்பன் என்ற காவலர் இருந்தார். மோப்ப நாய் டெய்சியைப் பழக்கியவர் அவர்தான். நாக்கை மடித்து ஒரு விசில் அடிப்பார். நீளமாகப் போய்க் கடைசியில் மேலே ஏறும். எங்கிருந்தாலும் டெய்சி ஓடி வந்துவிடும். அதற்கு வயதாகி வேலையிலிருந்து விடுவித்தபோது, அவரே வீட்டுக்குக் கூட்டி வந்தார். மனைவி லூர்துவுக்கும் அது செல்லம்.

ஒருமுறை போலீஸ் தொடர் எடுக்கிறவர்கள் வந்தார்கள். ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது காட்டுவதற்காக, டெய்சி மணலில் பாய்ந்து ஓடுவதைப் படம் பிடித்தார்கள். டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கி ஓய்கிற இடத்தில் அருளப்பனின் விசிலைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தொடர் ஒளிபரப்பாகும் முன்பே வெள்ளம் வந்தது. ஆட்களை மீட்கப் போன அருளப்பனின் படகு கவிழ்ந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

முதல் ஞாயிறு. ஏட்டு வீட்டு டெலிவிஷன் முன்னால் குடியிருப்பே கூடியிருந்தது. இசை முழங்கி ஓய்ந்து விசில் எழுந்ததும், லூர்துவின் காலடியில் படுத்திருந்த டெய்சி எழுந்து நின்றது.

"ஐயா கூப்பிடுறார்."

"அது பழைய சத்தம் டெய்சி. அன்னைக்குப் பிடிச்சு வெச்சது," என்றாள் லூர்து.

"கூப்பிட்டா போகணும்," என்று டெய்சி கிளம்பிவிட்டது.

நான்காம் நாள்தான் திரும்பியது. பாதம் வெடித்திருந்தது. ஆற்றோரம் முழுக்கத் தேடினேன் என்றது. அடுத்த ஞாயிறும் போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு போய், ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியாமல் வந்தது. "வாரா வாரம் எதுக்கு இந்தச் சித்திரவதை? இது காதுல விழாம கதவை மூடிட்டுப் பெட்டியைப் போடுவோம்," என்றார் ஏட்டு. லூர்து சம்மதிக்கவில்லை. அந்த விசிலுக்காக அவளும் ஏழு நாள் காத்திருந்தாள்.

நான்காம் ஞாயிறு இசை தொடங்கியதுமே அவள் டெய்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போனா நீயும் திரும்ப மாட்டே. இங்கிருந்தே பதில் சொல்லு. அவருக்குக் கேக்கும்."

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். டெய்சி அவளை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"பேச்சு அவ்வளவு தூரம் போகாதே அம்மா."

"உன்கிட்ட இருக்கிற வார்த்தை எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துச் சொல்லு."

டெய்சி யோசித்தது. "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"அவர் சட்டையை இன்னும் துவைக்கலைன்னு சொல்லு," என்றாள்.

விசில் எழுந்தது. டெய்சி கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, தன் வார்த்தைகளையும் அவளுடையதையும் ஒரே மூச்சில் அனுப்பியது. அந்தச் சத்தம் கூரைகளைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போயிற்று. தெருநாய்களுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அவையும் தம்மிடமிருந்த பேச்சையெல்லாம் சேர்த்துக் கொடுத்தன. சத்தம் அடங்கியபோது எந்த நாயிடமும் ஒரு வார்த்தை மிச்சமில்லை. லூர்து அன்றுதான் அழுதாள்.

அன்று முதல்தான் நாய்கள் பேசுவதில்லை. போலீஸ் தொடரின் ஆரம்ப இசை கேட்டால் கழுத்தை நீட்டி ஊளையிடுகின்றன. நாய் ஊளையிட்டால் ஆகாது என்று கல்லெடுக்கிறவர்கள்கூட, அந்த இசை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.