பேர் சொல்லி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் கிருபைராசா. விசா அதிகாரி இரண்டாவது ஆள்.

இதைத்தான் சாமியிடம் போய்ச் சொன்னேன். கோயிலின் பின்னறையில் அவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வெளியே பனி கொட்டியது. பூசை செய்கிற சாமி என்னைவிட இளையவர்.

"ஆர் அண்ணை கிருபைராசா?"

"மொழிபெயர்க்கிறவன். வவுனியாவில இருக்கிற என்ர மனுசியை அதிகாரி தொலைபேசியில விசாரிச்சவர். புருசனை எப்படிக் கூப்பிடுவீங்கள் எண்டு கேட்டவர்."

"அவ?"

"'பேர் சொல்லிக் கூப்பிடமாட்டன்' எண்டவள். கிருபைராசா முதல் இரண்டு சொல்லை விழுங்கிப்போட்டான்."

சாமி மிச்சத்தைச் சொல்லிப் பார்த்தார்.

"கூப்பிடமாட்டன்."

"ஓம் சாமி. புருசனோட பேச்சுத் தொடர்பே இல்லை, இது பொய்க் கலியாணம் எண்டு அவள் இஞ்ச வாற விசாவை மறுத்திட்டினம். இது நியாயமோ?"

"அதிகாரி தன்ர காதில விழுந்ததை வைச்சுத்தானே தீர்ப்பு எழுதினவர்?"

"கிருபைராசாவுக்குத் தெரியும்தானே! அவன்ர மனுசி அவனைக் கூப்பிடுறதும் 'இஞ்சாருங்கோ' எண்டுதான். கோயில் முழுக்கக் கேட்கும்."

"ஓம், என்ர மணிச்சத்தத்தையும் அமத்திப்போடும்."

"சிரிக்காதேங்கோ சாமி."

ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை. சிறுநீரகம் பழுதானவனுக்குத் தோடம்பழம் ஆகாது.

"நீங்கள் அங்க போய் இருக்கலாமே, அண்ணை?"

"நாள்விட்டு நாள் ஆஸ்பத்திரியில இரத்தம் சுத்திகரிக்கிற ஆள் நான். எப்படிப் போறது?"

"திரும்ப விண்ணப்பிச்சீங்களோ?"

"போட்டாச்சு. இதையும் மறுத்தால் இன்னொருக்காப் போட நான் இருக்கமாட்டன். அடுத்த விசாரணைக்கு அவள் என்ர பேரைச் சொல்லிப் பழகிறாள்."

சாமி கையைத் துடைத்தார்.

"இப்ப அவவுக்குப் போன் எடுங்கோ. நானும் கேட்கிறன்."

எடுத்தேன்.

"தில்லையம்பலம், சாப்பிட்டீங்களோ? அங்க குளிரோ, தில்லையம்பலம்?"

வங்கியில் வரிசைக்கு ஆள் கூப்பிடுகிற குரல். சாப்பிட்டேன் என்றேன். நல்லது தில்லையம்பலம் என்றாள்.

வைத்துவிட்டேன்.

"நல்லாப் பழகிட்டா," என்றார் சாமி. "இந்த முறை நியாயம் கிடைக்கும்."

போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

"அண்ணை, இப்ப கதைச்சது ஆர்?"

"என்ர மனுசி."

"அத்தாட்சி?"

  

"கிருபைராசாவிட்டக் கேளுங்கோ," என்றேன். "அவள் பேர் சொல்லாததுதான் அத்தாட்சி. அதை அவன்தான் எடுத்தவன். இன்னும் திருப்பித் தரேல்லை."