அ படமும் ஆ படமும்

"சின்னவ என்கூடப் பேசறதையே விட்டுட்டாளுங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

"நீங்க என்ன பேசுனீங்க?" என்று கேட்டார் சாமியம்மா.

அங்கேயே மாட்டிக்கொண்டார் மனுஷன்.

ஊதியூர் மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன மடம் அது. அதை நடத்துகிற சாமியம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது. சென்னியப்பனுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு கூடுதல். இருந்தாலும் அந்தம்மா முன்னால் உட்கார்ந்தால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காங்கேயத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

போன்களை ஒப்பிட்டு யூடியூபில் சொல்வதுதான் அவருக்குப் பிழைப்பு. சேனலின் பேர் 'ரெண்டுல எது'. இந்தப் போனா அந்தப் போனா என்று குழம்புகிறவன் எவனும் கடைசியில் அவர் வாசலில்தான் வந்து விழுவான்.

அதிலும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு விளையாட்டு. ஒரே ஆளை, ஒரே இடத்தை, ரெண்டு போனில் படம் எடுப்பார்கள். எது எந்தப் போன் என்று சொல்லாமல், பின்னால் அ, ஆ என்று மட்டும் எழுதி முன்னால் வைப்பார்கள். சென்னியப்பன் ஒரு பார்வைதான் பார்ப்பார். இது பழசு, இது புதுசு என்று பட்டென்று சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.

படங்களைக் கலைத்து அ, ஆ எழுதி வைப்பது சின்ன மகள் மிருதுளாவின் வேலை. அப்பாவை ஒரு தடவையாவது கவிழ்த்துவிட வேண்டும் என்று அவளும் என்னென்னவோ தகிடுதத்தம் பண்ணிப் பார்த்திருக்கிறாள். அவர் அசைந்ததில்லை.

அதெல்லாம் பொங்கலுக்கு முந்தி.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு வீடியோ போட்டார். சில வருஷம் ஆன பழைய ஃபிளாக்ஷிப் நல்லதா, இப்போது வந்த மிட்ரேஞ்ச் நல்லதா என்று. ஃபிளாக்ஷிப் என்பது கம்பெனிக்காரன் பெருமைக்கென்று செய்கிற உச்சவிலைப் போன். மிட்ரேஞ்ச் என்பது நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற நடுவிலைப் போன். ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"எங்கூட்டுலயே ரெண்டும் இருக்குதுங்க மக்களே. பெரியவ பழைய ஃபிளாக்ஷிப். டாக்டருக்குப் படிக்கறா. இன்னைக்கும் அவளை அடிச்சுக்க ஆளில்லை. சின்னவ புது மிட்ரேஞ்ச். குடுத்த காசுக்கு மோசமில்லீங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மிருதுளாவின் பள்ளிக்கூடத்திலும் சிரித்தார்கள். மறுவாரத்திலிருந்து பத்தாம் வகுப்பில் அவளுக்குப் பேரே மிட்ரேஞ்ச் என்று ஆகிவிட்டது.

வீடியோவை அழித்தார். அதற்குள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊர் பூராவும் அனுப்பியிருந்தார்கள்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார் சாமியம்மா.

கேட்டாராம். மிட்ரேஞ்ச் ஒண்ணும் கேவலமில்லை கண்ணு, இன்றைக்கு விவரம் தெரிந்தவன் அதைத்தான் வாங்குகிறான், சார்ஜ் நிற்கும், சூடாகாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாராம். அதுவரைக்கும் பேச்சைத்தான் நிறுத்தியிருந்தாள். அன்றைக்குக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

சாமியம்மா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டாரா என்பதும் தெரியவில்லை.

"பரீட்சை முடிஞ்சுது. ஜூன் மாசம் கோபியில அத்தையூட்டுல தங்கிப் படிக்கப் போறேங்கறாளுங்க. அதையும் என்கிட்டச் சொல்லலை. அவங்கம்மாகிட்டச் சொல்லி அனுப்பறா. இப்படியே போயிட்டான்னா அவ்வளவுதாங்கம்மா. அப்புறம் அவ எனக்கு இல்லை."

சாமியம்மா எழுந்து உள்ளே போனார்.

திருநீறு கொண்டுவருவார் என்று இவர் நினைத்தார். ரெண்டு போன் கொண்டுவந்தார்.

மடத்துக்கு வருகிறவர்கள் கொடுத்ததாம். ஒன்று திருப்பூர்க்காரர் ஒருத்தர் சித்திரையில் வாங்கிக் கொடுத்த புது மிட்ரேஞ்ச். இன்னொன்று கரூர்க்காரர் தான் வைத்திருந்ததையே துடைத்துக் கொடுத்துவிட்டுப் போன பழைய ஃபிளாக்ஷிப். மடத்துக்கு ஒன்று போதும். மற்றதை மலைக்கோயில் பூசாரிக்குக் கொடுத்துவிடலாம்.

"இதுல எதை வெச்சுக்கறது?" என்று கேட்டார் சாமியம்மா.

நான் வயிறெரிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், இந்தம்மாவுக்குப் போன் கேட்குதா என்று சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கை அதற்குள் போன்களை வாங்கிவிட்டது. வாயும் ஆரம்பித்துவிட்டது. பழசு கனம், வேலைப்பாடு, சாயங்கால வெளிச்சத்தில் அதன் கேமராவுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ஆனால் சூடாகும், மத்தியானத்துக்குள் சார்ஜ் தீரும், கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது. புதுசு நாள் பூராவும் தாங்கும், அப்டேட் வந்துகொண்டே இருக்கும், இருட்டினால் மட்டும் படத்தில் முகம் கொஞ்சம் கரையும். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். சொல்கிறவரை மகள் ஞாபகமே வரவில்லை.

"கேட்டா எனக்கு விளங்காது. படமாப் பார்த்தாத்தான் விளங்கும்," என்றார் சாமியம்மா. "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. மிருதுளாவை ஒவ்வொண்ணுலயும் ஒரு படம் எடுத்து, அ, ஆ போட்டுக் கொண்டாங்க."

"அவ என் முன்னாடி வந்து நிக்கறதே இல்லீங்களேம்மா."

"எனக்கு அவசரமில்லை," என்று சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படங்களோடு வந்தார் சென்னியப்பன். வீட்டிலேயே பிரிண்ட் போட்டு, அவரே அ, ஆ எழுதியிருந்தார்.

சாமியம்மா வாங்கிப் பார்த்தார். ரெண்டு படத்திலும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளையின் முதுகு. முதுகின் மேல் ஒரு ஜடை.

கதவு ஒருக்களித்திருந்த நேரமாகப் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார். முடி ஒவ்வொன்றும் எப்படித் தனித்தனியாகத் தெரிகிறது பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டவும் செய்தார்.

"ஜடை நல்லாத் தெரியுது," என்றார் சாமியம்மா. "ஆளைக் காணோமே."

படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சென்னியப்பனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வீடு போய்ச் சேருகிறவரை, திருட்டுத்தனமாகப் பெற்ற மகளின் முதுகைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார்.

*

வீட்டுக்குப் போனதும் நேராக அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றார். தட்டினார். சாமியம்மா உன்னைப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள் என்றார். போன வாரம் தெரியாமல் எடுத்ததையும் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டால் அடுத்த வார்த்தை வராது போலிருந்தது.

கதவு திறந்தது. மிருதுளா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு கையிலும் இருந்த ரெண்டு போனைப் பார்த்தாள்.

"இப்பவும் ரெண்டா?" என்றாள்.

பொங்கலுக்கு அப்புறம் அவரிடம் அவள் பேசின முதல் பேச்சு அது.

"குடுங்க," என்று கையை நீட்டினாள். "முதல்ல நான் எடுக்கறேன்."

அவர் வீடியோ எடுக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முக்காலியில் உட்காரச் சொன்னாள். பெரிய லைட்டை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். பேசக் கூடாது என்றாள். பேசியே பிழைக்கிற மனுஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு போனில் ஒரு படம் எடுத்தாள். இன்னொன்றிலும் எடுத்தாள். அப்புறம் அவர் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"வணக்கம் மக்களே. இன்னைக்கு நம்ம கையில இருக்கறது ஒரு பழைய மாடல் அப்பா."

சென்னியப்பன் அசையவில்லை.

"பாடி நல்ல கனமுங்க. தொட்டாச் சூடாகும். ஸ்பீக்கர் அருமை, தெரு முனை வரைக்கும் கேக்கும். மைக்குத்தான் வேலை செய்யறதில்லை. நாம என்ன சொன்னாலும் உள்ள போகாது." அவள் குரல் லேசாக நடுங்கியது. "அப்டேட் நின்னு ரொம்ப நாளாச்சுங்க."

லைட் சூட்டில் வேர்த்து வழிந்தது. கண்ணும் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. இத்தனை நாளும் அவள் சாத்தின கதவைத்தான் பார்த்தார். அதற்குள் ஒரு பிள்ளை ராத்திரியும் பகலும் அழுதிருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது.

"கடைசியா, குடுத்த காசுக்கு எப்படி மக்களே?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

"குடுத்த காசுக்கு ரொம்ப மோசமுங்க," என்றார் சென்னியப்பன்.

அவள் எதிர்பார்க்கவில்லை. குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், அதில் இன்னும் கூடிப்போனது. சிரிப்பும் அழுகையுமாக அவள் மூக்கு சிவந்தது.

"உன்னை வெச்சு ஊரைச் சிரிக்க வெச்சுட்டேன் கண்ணு," என்றார். "தப்பு என்னுதுதான்."

அதற்கு மேல் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

அவள் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு போனை மேஜை மேல் வைத்துவிட்டு, கையிலிருந்த இன்னொன்றை அவரிடம் கொடுத்தாள்.

"எடுங்க. சாமியம்மா எதிர்பார்த்துட்டு இருப்பாங்க."

சென்னியப்பன் எடுத்தார். கண்ணில் தண்ணீர் மறைத்ததால் எதை எடுத்தார், எப்படி எடுத்தார் என்று அவருக்கே தெளிவில்லை. பழைய மாடல் அப்பா ஆடுறார், நேராப் பிடிங்க என்றாள் அவள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டாவது படம் அப்போது எடுத்ததுதான்.

பிரிண்ட் போடுகிற வேலையை அவளே வாங்கிக்கொண்டாள். போனில் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் பின்னால் அ, ஆ எழுதினாள். என்னைக் கவிழ்க்க மறுபடியும் ஏதோ தகிடுதத்தம் என்று நினைத்துக்கொண்டார் சென்னியப்பன். அப்படி நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் வண்டியில் பின்னால் ஏறி வந்தாள். கோபி பேச்சை அவள் எடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. மடத்துக்கு வெளியே, வண்டி பக்கத்திலேயே இருக்கிறேன் என்று நின்றுகொண்டாள்.

சென்னியப்பன் ரெண்டு போனையும் சாமியம்மா முன்னால் வைத்தார். ரெண்டு படத்தையும் வைத்தார்.

சாமியம்மா படங்களைத் தொடவில்லை. அவற்றை இவர் பக்கமாகவே திருப்பி நகர்த்தினார்.

"எது பழசு, எது புதுசு?"

சென்னியப்பன் குனிந்தார். எப்போதும் முதலில் நிழலைப் பார்ப்பார், அப்புறம் முடியின் ஓரத்தைப் பார்ப்பார். அதோடு முடிந்துவிடும்.

இன்றைக்கு முடியவில்லை.

அ படத்தில் அவள் இமை நனைந்து ஒட்டியிருந்தது. உதட்டைக் கடித்து நிறுத்தப் பார்த்த சிரிப்பு கன்னத்துக்கு ஏறியிருந்தது. ஆ படத்தில் வாய் விட்டே சிரித்திருந்தாள். முன்பல் ஒன்றின் மூலை லேசாக உடைந்திருந்தது.

குனிந்த தலை நிமிராமல் அப்படியே இருந்தார்.

"அம்மா, இவளுக்கு இந்தப் பல்லு எப்ப ஒடைஞ்சுதுன்னு எனக்குத் தெரியலீங்க."

"நான் அதைக் கேக்கலையே. பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துட்டுத்தானுங்க இருக்கேன்," என்றார் சென்னியப்பன்.

சாமியம்மா வாசல் பக்கம் திரும்பி, உள்ளே வா என்று கையைக் காட்டினார். மிருதுளா வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியலையாம். நீ சொல்லு சாமி. எது எந்தப் போன்?"

மிருதுளா அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டுமே ஒரே போன்ல எடுத்ததுங்க," என்றாள். "எங்கப்பா மாத்தவே மறந்துட்டாருங்க."