அசையாத புள்ளிகள்

"கணக்கு சரியா இருக்குதுங்க டீச்சர். ஜனங்கதான் தப்பா இருக்கறாங்க."

செருப்பைக் கழற்றும்போதே சென்னியப்பன் குறையைச் சொல்லிவிட்டார்.

"உள்ள வாங்க," என்றார் மங்கையர்க்கரசி.

சென்னியப்பன் நகரத்தின் சாலைத் திட்டப் பொறியாளர். வயது ஐம்பத்திரண்டு. குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தொன்று. மாலை வகுப்பில் அவரிடம் போக்குவரத்துத் திட்டமிடல் படித்தவர் சென்னியப்பன். படிப்பு முடிந்தது, சந்தேகங்கள் முடியவில்லை. அதனால் பைபாஸ் ஓரத்துச் சந்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு இன்னும் வந்துகொண்டிருந்தார்.

"குருவுக்கு வயசு எதுக்குங்க?" என்று அடிக்கடி சொல்லுவார். யாரும் கேட்காதபோதும் சொல்லுவார்.

"என்ன ஆச்சு?"

"போன வாரம் பைபாஸ் நடுச்சுவர்ல இருந்த இடைவெளியை அடைச்சேனுங்க. இந்த மில்லுக்கு எதிர்ல. கவுன்சிலர் கூப்பிட்டுக் கத்தறாரு. ஜனங்க கஷ்டப்படறாங்களாம். எந்த ஜனம்னு கேட்டா, 'நேர்ல போய்ப் பாருய்யா'ங்கறாரு."

"போய்ப் பார்த்தீங்களா?"

"எதுக்குங்க? மேப்புலதான் எல்லாம் இருக்குதே."

முன்பெல்லாம் ஒரு சாலை போட வேண்டுமென்றால், ஆட்கள் ரோட்டோரம் குடை பிடித்து உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணுவார்கள். டீ குடிக்கப் போன நேரத்துக்கு உத்தேசமாக எதையாவது எழுதுவார்கள். இப்போது அந்தக் கூத்து இல்லை. ஊரில் நகரும் ஒவ்வொரு செல்போனும் மேப்பில் ஒரு புள்ளி. யார் என்று தெரியாது, எங்கிருந்து எங்கே என்று தெரியும். எங்கே பாலம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

சென்னியப்பன் வாயால் வடை சுடுகிறவர் அல்ல. அந்த மேப்பை வைத்துத்தான் பஸ் வழிகளை மாற்றினார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வெயிலில் நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. அவர் கர்வப்பட்டதில் நியாயம் இருந்தது.

போனில் மேப்பைத் திறந்து குருவின் முன் வைத்தார்.

"பாருங்க. இந்த இடத்துல பைபாஸை ஒரு புள்ளிகூடக் கடக்கலை. நாளைக்கு மீதி இருக்கற இடைவெளிகளையும் அடைக்கக் கையெழுத்துப் போடறேன். வண்டிங்க தடையில்லாமப் போகும்."

மங்கையர்க்கரசி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தார். பைபாஸுக்கு இந்தப் பக்கம், ஒரே இடத்தில் ஈ மொய்த்த மாதிரி புள்ளிகள்.

"இது என்ன?"

"அதுங்களா? அசையாத புள்ளிங்க. ராத்திரி பகல் ஒரே இடத்துல கெடக்குது. ஏதோ செல்போன் குடோனா இருக்கும். கணக்கைக் கெடுக்குமேன்னு நீக்கியாச்சு."

"நீக்கியாச்சா?"

"கம்ப்யூட்டரே கேட்டுச்சுங்க, நீக்கட்டுமான்னு. சரின்னு அழுத்துனேன்."

மங்கையர்க்கரசி எழுந்து சமையலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உப்பு தீர்ந்துபோச்சு."

சென்னியப்பன் விழித்தார்.

"அந்தப் பக்கம் மில்லு வாசல்ல ஒரு பெட்டிக்கடை இருக்கு. ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

அவர் கார் சாவியை எடுத்தார்.

"நடந்து."

"நடந்துங்களா? நடுவுல சுவர் இருக்குதுங்களே."

"யாரும் கடக்காத இடந்தானே. நீங்க ஒருத்தர் கடந்தா என்ன?" என்று சொல்லிக் கையை நீட்டினார். "போனை வச்சுட்டுப் போங்க."

ஒரு காலத்தில் குருமார் கட்டைவிரலைக் கேட்டார்கள். சென்னியப்பனிடம் அதைக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு தயங்கியிருக்க மாட்டார். மேப்பை மூடாமலே போனை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

சந்து முனைக்கு வந்தபோது மில்லில் சங்கு ஊதியது.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தார். சந்துக்குள்ளிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். நீலக் கோட்டு, தலையில் கட்டிய துணி. பத்து இருபது அல்ல, வந்துகொண்டே இருந்தார்கள். அவரைத் தாண்டி ஓடி, பாதி ரோட்டைக் கடந்து, நடுச்சுவரின் அடியில் அடுக்கியிருந்த மண்மூட்டைகள்மேல் ஏறினார்கள்.

அவருடைய சுவர். நெஞ்சு உயரம் வைக்கச் சொன்னது அவர்தான்.

சென்னியப்பன் அவர்களோடு ஓடினார். மூட்டைமேல் ஏறி, சுவரில் காலை வைக்க முடியாமல் திணறினார். மேலே உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையை நீட்டினாள்.

"கையத் தாங்க சார்."

இழுத்து மேலே ஏற்றிவிட்டாள்.

"புதுசா வந்திருக்கியளா? லாரி போன பொறவு குதிக்கணும். பஸ்ஸ மட்டும் நம்பாதீய."

தெற்கத்திப் பேச்சு. பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும்.

லாரி போனது. அவள் குதித்தாள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் துப்பட்டா மாட்டிப் பின்னுக்கு இழுத்தது. முழங்கால் ரோட்டில் மோத விழுந்தாள். வளைவில் பஸ் வந்துகொண்டிருந்தது.

எப்போது குதித்தோம் என்று சென்னியப்பனுக்குத் தெரியாது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றார். பிரேக் அலறியது. கண்ணைத் திறந்தபோது பஸ்ஸின் முன்பக்கச் சூடு நெஞ்சில் அடித்தது.

"யோவ், சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடைச்சுதா?" என்றார் டிரைவர்.

சென்னியப்பன் கையை இறக்கவில்லை. கடைசிப் பெண் கடந்த பிறகும் இறக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து அவரை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

மில்லு வாசலில் அந்தப் பெண் குனிந்து முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உன்கிட்ட போன் இருக்குதா?"

வீட்டுக்குச் சொல்லத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "அம்மைட்டல்லாம் சொல்ல வேண்டாம் சார். போனு வார்டன் பீரோல கெடக்கு."

"உன்னோடது மட்டுமா?"

"எல்லாரு போனுந்தான். ஆஸ்டல்ல சேந்த அன்னைக்கே வாங்கி வச்சுருவாவ. ஞாயித்துக்கெழம கொஞ்ச நேரம் தருவாவ, அங்கனயே இருந்து பேசிட்டுக் குடுத்துரணும்."

"எந்த ஹாஸ்டல்?"

அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓடிவந்த சந்துப் பக்கம் கையைக் காட்டினாள். மேப்பில் ஈ மொய்த்த இடம்.

 குடோன் என்று சொன்ன வாய் சென்னியப்பனுடையது. சரி என்று அழுத்திய விரலும் அவருடையது.

"இந்தச் சுவரை யாரு கட்டுனாங்கன்னு தெரியுமா?" என்றார். ஏன் கேட்டார் என்று அவருக்கே புரியவில்லை.

"யாரோ பெரிய சாராம். ஆளே வராத எடம்னு சொல்லிட்டாராம்." அவள் குரலில் கோபம் இல்லை. "நாங்க அன்னாடம் மூணு ஷிப்டுக்கும் வாறோம். அவரு கண்ணுக்குத் தெரியல போலுக்கு."

நொண்டிக்கொண்டே உள்ளே ஓடினாள். லேட்டானால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

சென்னியப்பன் மறுபடியும் சுவர் ஏறித்தான் திரும்பினார். உள்ளங்கை கிழிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் போனை எடுத்து ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார். 

"மில்லுக்கு எதிர்ல சுவத்தை உடைக்கோணும். இப்பவே."

"எதுக்குங்க சார்?" என்றது மறுமுனை. "அங்கதான் ஆளே கடக்கறதில்லைங்களே. நீங்கதானே மேப்புல காட்டுனீங்க?"

"நான் கடந்தேன்யா. இப்பத்தான் கடந்தேன். ஜேசிபி எடுத்துட்டு வா, நான் அங்க நிக்கறேன். மத்த இடத்துல எங்கயும் கை வைக்க வேண்டாம்."

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"உப்பு?" என்றார் மங்கையர்க்கரசி.

"மறந்துட்டேனுங்க."

"பரவாயில்ல. நீங்க இன்னைக்கு எங்கெல்லாம் போனீங்கன்னு உங்க போனே காட்டுமே. பாருங்க."

பார்த்தார். காலையில் வீடு. அப்புறம் ஆபீஸ். அங்கிருந்து ஒரு கோடு, பைபாஸ் ஓரமாக வந்து சந்துக்குள் திரும்பி, இந்த வீட்டில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு புள்ளி. ரோட்டின் குறுக்கே எதுவும் இல்லை.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்போதும் இல்லை.

"டீச்சர், நான் பஸ்ஸுக்கு முன்னால நின்னேனுங்க."

"ம்."

"ஒரு சாண்தான் இருந்துச்சுங்க."

"ம்."

சென்னியப்பன் திரையை டீச்சர் பக்கம் திருப்பினார்.

"அங்கயே அடிச்சுப் போட்டிருந்தா?"

மங்கையர்க்கரசி மேப்பைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இங்கதான் உக்காந்திருப்பீங்க. பேட்டரி தீர்ற வரைக்கும்."