கரடி வேட்டைக்குத் துப்பாக்கி தேடிய நரி

மொட்டைப்பாறைக் காட்டில் செம்பட்டையன் என்ற நரி இருந்தான். அவனுடைய இடது காது பாதி கிழிந்திருக்கும். கரடியோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டபோது கிழிந்தது என்று காடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

உண்மையில் நடந்தது வேறு. போன வருஷம் கறையான் புற்று ஒன்றின் அந்தப் பக்கத்தில் கருக்காயி என்ற கரடி கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் செம்பட்டையன் கண்ணயர்ந்திருந்தான். அவள் உறிஞ்சிய சத்தத்தைக் கேட்டு அவன் எடுத்த ஓட்டத்தில், வழியில் இருந்த முட்புதர் காதைப் பிடித்து இழுத்துவிட்டது. கருக்காயி புற்றிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஆனால் பொய்யும் வளர்கிற பிள்ளை மாதிரிதான். வேளாவேளைக்குத் தீனி கேட்கும். செம்பட்டையன் தாராளமாகவே போட்டு வளர்த்தான். முதலில் கரடி அவனைத் தள்ளினாள். மழைக்காலத்தில் அவன் கரடியைத் தள்ளினான். பனிக்காலம் முடிவதற்குள் கரடி அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டிருந்தாள். அவனும் பெருந்தன்மையோடு மன்னித்திருந்தான்.

இளவேனில் வந்தது. காட்டில் புல்பூண்டெல்லாம் காய்ந்து கருகின, பாலை மரங்கள் மட்டும் பழுத்தன. பாலைப்பழம் தேனாக இனிக்கும். ஆனால் உச்சிக்கிளையில்தான் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். கருக்காயி தினமும் விடிந்ததும் மரத்தில் ஏறுவாள். கிளைகளை முறித்து, தின்றது போக மீதியைக் கீழே போடுவாள். மான், முயல், பன்றி, நரி என்று எல்லாரும் கீழே நின்று வயிறு நிறையத் தின்பார்கள். முன்பெல்லாம் குரங்குகளும் இருந்தன. மலைக்கோயில் பாதையில் வடையும் பொங்கலும் கிடைக்கிறது என்று அவை குடிபெயர்ந்து போய்விட்டன.

ஒருநாள் காலை எல்லாரும் இப்படித் தின்றுகொண்டிருந்தபோது செம்பட்டையனுக்கு மானம் பொங்கியது. வயிறு நிறைந்த பிறகுதான் பொங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீர்க்குட்டையருகே எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினான். கருக்காயி மேலே உட்கார்ந்து நல்ல பழமாகத் தின்கிறாள், நமக்கு எச்சிலை வீசுகிறாள் என்றான். அவள் ஒருத்தி இல்லாவிட்டால் மரத்தில் இருக்கிற அத்தனை பழமும் நம்முடையதுதானே என்று கேட்டான். மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இத்தனை நாளாக இனித்த பழம் அந்த நிமிஷம் முதல் எல்லாருக்கும் கசந்தது. மரத்தில் ஏறுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபம் வந்திருக்கும்போது அந்த மாதிரிச் சில்லறை விஷயங்களை யார் கேட்பார்கள்?

"அப்ப அவளை என்னண்ணே பண்றது?" என்று கேட்டான் கோரையன். அவன் காட்டுப்பன்றி. உடம்பு பெரிது, மனசு வெள்ளை. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். அதனால் அவனைச் சுற்றி எப்போதும் யாராவது எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

"வேட்டைதான்" என்றான் செம்பட்டையன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. ஆனால் அத்தனை கண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவனுடைய கிழிந்த காதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நிலைமையில் பின்வாங்க யாருக்கு மனசு வரும்?

"வெறுங்கையோட போன தடவை அடிச்சேன். பெண்பிள்ளையாச்சேன்னு விட்டுட்டேன். இந்தத் தடவை முறையா, துப்பாக்கியோட போகணும்" என்றான்.

காட்டின் ஓரத்தில் பாழடைந்த வேட்டை பங்களா ஒன்று இருந்தது. முன்பு துரைமாரும் ஜமீன்தார்களும் வந்து தங்கிய இடம். செம்பட்டையனின் அப்பாவும் தாத்தாவும் அங்கே வீசப்படும் எலும்புக்காகச் சமையல்கட்டுப் பின்பக்கம் காத்துக் கிடந்தவர்கள். அந்தப் பரம்பரை அனுபவத்தால் துப்பாக்கியைப் பற்றித் தனக்குத் தெரியாததே இல்லை என்பது அவனுடைய எண்ணம். பங்களாச் சுவரில் மூன்று துப்பாக்கிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் எது கரடிக்குச் சரி என்று தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போவதாகச் சொன்னான். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவசரம் என்பது அவனிடம் துளியும் இல்லை. பாலைப்பழக் காலம் முடிகிற வரைக்கும் துப்பாக்கி தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்துவிட்டால் போதும். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் அவனுடைய திட்டம். கரடி வேட்டையைப் பற்றி அவனிடம் இருந்த ஒரே திட்டமும் இதுதான்.

ஆனால் கோரையன் குறுக்கே வந்தான். மறுநாளே இரட்டைக்குழல் துப்பாக்கியை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து நின்றான். செம்பட்டையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். இது பறவை சுடுகிற துப்பாக்கி, இதில் பொடி ரவைதான் போகும், கரடி மேல் பட்டால் அவளுக்கு முதுகு சொறிந்த மாதிரி இருக்கும் என்றான். அவன் சொன்னது உண்மையாகவே இருந்தது. அதற்கு அவன் பொறுப்பல்ல.

கோரையன் அடுத்ததைக் கொண்டுவந்தான். ஒல்லியான, வழவழப்பான ரைஃபிள். மான் வேட்டைக்கு ஆனது. இதன் பின்பக்க மரக்கட்டை பளபளக்கிறது, வெயில் பட்டால் கரடிக்கு நம் இடம் தெரிந்துவிடும் என்று செம்பட்டையன் மறுத்தான். பளபளப்பை மங்கவைக்க வழி தெரியுமா என்று கோரையன் முள்ளாயியிடம் போய்க் கேட்டான். அவள் முள்ளம்பன்றி. எந்த மரத்தையும் கடித்துப் பார்க்காமல் விடமாட்டாள். தனக்குத் தெரியும் என்று வாங்கிக்கொண்டாள். வெயில் ஏறுவதற்குள் கட்டையே இல்லாமல் வெறும் இரும்பைத் திருப்பிக் கொடுத்தாள். மனுஷன் கைவேர்வை ஊறின மரம், உப்பு நன்றாகப் பிடித்திருந்தது என்று பாராட்டும் சொன்னாள்.

மூன்றாவது துப்பாக்கி யானைக்கு ஆனது. கோரையன் அதை இழுத்துவந்த தடம் வாய்க்கால் வெட்டிய மாதிரி இருந்தது. பித்தளைப் பூண், வெள்ளியில் கொடிவேலை, கட்டையில் யாரோ ஜமீன்தாரின் முத்திரை. அதைப் பார்த்ததும் செம்பட்டையன் தன் பயத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டான். அதன் பக்கத்தில் போய் நின்றான். பித்தளையில் தன் முகத்தைப் பார்த்தான். இதைப் போன்ற துப்பாக்கிக்குப் பக்கத்தில் இதைப் போன்ற நரிதான் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

"இதுதான்" என்று வாயை விட்டுவிட்டான்.

அவ்வளவுதான், மான்கள் ஆரவாரம் செய்தன. முயல்கள் குதித்தன. வேட்டை மறுநாள் விடிகாலை என்று கூட்டமே முடிவு செய்துவிட்டது. தலைவனை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பாலை மரத்துக்கு எதிரே ஒரு புற்றின் மேல் கோரையன் துப்பாக்கிக் குழலைத் தூக்கி வைத்தான். பங்களா இழுப்பறையில் கிடந்த ஒரே தோட்டாவைப் போட்டார்கள். விசையில் கொடியைக் கட்டி, மறுமுனையை முள்ளாயி பல்லில் பிடித்துக்கொண்டாள். படைக்குத் தலைவன் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று சொல்லி, செம்பட்டையன் துப்பாக்கிக்கு நேர் பின்னால், கட்டையை ஒட்டி நின்றான். துப்பாக்கியைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நிற்கிற இடம் அதுதான்.

இன்றைக்கு அவள் வராமல் போகட்டும் என்று அவன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான். அவள் வந்தாள். இதுவரை குகையிலேயே விட்டு வந்த இரண்டு குட்டிகள் அன்று அவள் முதுகில், அம்மாவின் மயிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தன. மரத்தடியில் அவற்றை இறக்கிவிட்டு, பொறுமையாக மேலே ஏறினாள். முதல் கிளை முறிந்து விழுந்தது. குட்டிகள் அதன்மேல் விழுந்து புரண்டன.

முள்ளாயி கொடியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அண்ணே, குட்டி இருக்கு."

"இருக்கட்டும்."

"அவ செத்துட்டா அதுங்க என்னண்ணே பண்ணும்?"

எந்தத் துப்பாக்கி என்று எத்தனையோ நாள் யோசித்தவன், இதை ஒரு கணம்கூட யோசித்திருக்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. திரும்பிப் பார்த்தான். புதர்களுக்குப் பின்னால் காடே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"இழு" என்றான்.

முள்ளாயி கண்களை இறுக மூடிக்கொண்டு, தலையை வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று இழுத்தாள். குழல் விலகியது. மலையே பிளந்த மாதிரி ஒரு சத்தம். குண்டு எங்கோ வானத்தில் போனது. துப்பாக்கிக் கட்டை பின்னால் பாய்ந்து, தலைவனை நெஞ்சில் இடித்து, பின்னால் இருந்த ஓடைக்குள் தூக்கிப் போட்டது.

கருக்காயி மரத்திலிருந்து சறுக்கி இறங்கினாள். அலறிய குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, எதிர்மலைப் பக்கம் போனவள் திரும்பி வரவே இல்லை.

செம்பட்டையனை ஓடையிலிருந்து எடுத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கரடியை ஒரே வெடியில் காட்டைவிட்டே துரத்தியவன் என்று புகழ்ந்தார்கள். அவனுக்கு விலா எலும்பெல்லாம் வலித்தது, சிரித்துக்கொண்டே தாங்கினான்.

மறுநாள் காலை எல்லாரும் பாலை மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை பழமும் மேலே இருந்தது. அத்தனையும் அவர்களுடையதுதான். மதியம் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காக்கை கொத்திய பழம் இரண்டு மூன்று விழுந்தது. அதற்கு மான்களும் முயல்களும் அடித்துக்கொண்டன. கோரையன் மரத்தை முட்டினான். பாலை மரம் உலக்கை செய்கிற மரம். அவனுடைய மண்டைதான் வீங்கியது.

வீரனான செம்பட்டையனிடம் போய்க் கேட்டார்கள். சுதந்திரம் கிடைத்தால் முதலில் கொஞ்சம் பசிக்கத்தான் செய்யும் என்று வீரன் விளக்கினான். அடுத்த நாள் அதே விளக்கத்தை இன்னும் அழகாகச் சொன்னான். அதற்கடுத்த நாள் ஒரு முயல்குட்டி பசியில் சுருண்டு படுத்தது. அன்றைக்கு யாரும் விளக்கம் கேட்க வரவில்லை.

அன்று மதியம் செம்பட்டையன் ஒருவருக்கும் தெரியாமல் எதிர்மலைக்குப் போனான். அவனுக்கும் பசி. அங்கே ஒரு பெரிய பாலை மரத்தின் மேல் கருக்காயி இருந்தாள். கிளை முறியும் சத்தம் கேட்டதுமே அவன் ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"யாருப்பா கீழ?" என்றாள் அவள். "எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது."

"நான்தான்... செம்பட்டையன்."

"எந்தச் செம்பட்டையன்?"

காது கிழிந்தவன் என்றான். புற்றுக்குப் பக்கத்தில் என்றான். மொட்டைப்பாறையில் அன்றைக்கு வெடி வெடித்ததே என்றான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அது வெடியா? இடின்னுல்ல நெனச்சேன். குட்டிங்க பயந்துச்சு, அதான் இந்தப் பக்கம் வந்துட்டேன்" என்று சொல்லி, பழம் நிறைந்த ஒரு கிளையை முறித்துக் கீழே போட்டாள். "பசியா இருப்பே போல. தின்னு."

ஒரு வருஷமாகத் தன்னோடு யுத்தம் செய்துகொண்டிருந்தவளுக்குத் தான் யாரென்றே தெரியாது என்பது அவனை அந்தத் துப்பாக்கிக் கட்டையைவிடப் பலமாக அடித்தது. இருந்தாலும் தின்றான். கிளையை மொட்டையாக்கிவிட்டுத்தான் தலையைத் தூக்கினான். திரும்பவும் அந்தக் காட்டுக்கே வந்துவிடச் சொல்லி மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். குட்டிகளுக்கு இந்த இடம் பழகிவிட்டது, வேண்டியவர்கள் இங்கே வந்து தின்னட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இறங்கி வரும் வழியில் எதிரே கோரையன் வந்தான். அவனுக்குப் பின்னால் முள்ளாயி, மான்கள், பசியில் துவண்ட முயல்குட்டியை நடுவில் விட்டு நடத்திவரும் முயல்கள், மொத்தக் காடும் வந்துகொண்டிருந்தது. காற்றில் பழவாசனை வந்த திக்கைப் பார்த்துக் கிளம்பிவிட்டதாகக் கோரையன் சொன்னான். நீயும் வாயேன் அண்ணே என்று கூப்பிட்டான்.

செம்பட்டையனுக்கும் போக ஆசைதான். ஆனால் துரத்தியடித்ததாகச் சொன்னவளிடமே போய், இத்தனை பேர் முன்னால் மரத்தடியில் நிற்க வேண்டும். அவள் மறுபடியும் "யாருப்பா நீ?" என்று கேட்பாள்.

"நீங்க போங்க" என்றான். "காட்டைக் காக்க ஒருத்தன் வேணுமில்ல."

முள்ளாயி அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த பாலைப்பழப் பிசினைப் பார்த்தாள். எல்லாரும் அவனைத் தாண்டி மேலே போனார்கள்.

செம்பட்டையன் மொட்டைப்பாறைக் காட்டுக்குத் திரும்பினான். அது இப்போது முழுக்க முழுக்க அவனுடைய காடு. உச்சிக்கிளைகளில் பழுத்துக் குலுங்கிய அத்தனை பழமும் அவனுடையது. பித்தளைப் பூண் போட்ட துப்பாக்கியும் அவனுடையது. அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து, பழங்கள் மரத்திலேயே காய்ந்து சுருங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்த இளவேனிலைக் காவல் காத்து முடித்தான்.

எந்த ஆயுதம் எடுப்பது என்று ஆராய்வதற்கு முன்னால், எதற்காக எடுக்கிறோம் என்று கேட்டுப் பார்க்காதவன் வென்றாலும் பட்டினிதான் கிடப்பான்.