கடலில் நாலு படகு

"டீச்சர், என்னால ஆகல. மெஷினை மாத்தச் சொல்லுங்க."

சூசை மிக்கேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சருக்கு முப்பத்தாறு. பெயர் நிலோஃபர். விசைப்படகுச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது டேட்டாபேஸ் என்றால் என்ன என்று சூசைக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அன்றிலிருந்து துறைமுகத்துக்கே டீச்சர்.

அன்று காலை பத்து மணிக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. இருட்டினதும் காற்று ஏறும். ஆழ்கடலில் நிற்கிற படகு கரைசேர ஆறு மணி நேரமாவது வேண்டும்.

யார் யார் கடலில் இருக்கிறார்கள், எந்தப் படகில் எந்த சாட்டிலைட் போன் இருக்கிறது, எல்லாம் அந்த டேட்டாபேஸில்தான். பட்டியல் கைக்கு வந்தால்தான் கூப்பிட முடியும். சூசை பட்டனைத் தட்டி அரை மணி நேரம் ஆகிறது. திரையில் சக்கரம்தான் சுற்றுகிறது.

கீழே ஹால் முழுக்கப் படகுக்காரர்களின் வீட்டு ஆட்கள். சூசையின் மகளும் அங்கேதான் இருந்தாள். அவள் புருஷன் கிளாட்வின் கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது.

"போன வாரமே மெதுவாத்தான் இருந்துச்சு. சீக்கிரம் தேட இன்டெக்ஸ் ஒன்பது போட்டேன். மெமரி ரெண்டு மடங்காக்கினேன். இன்டர்நெட்டுல ஊர்ப்பட்ட பேர்கிட்ட கேட்டாச்சு," என்றார் சூசை.

"அதுகிட்ட கேட்டீங்களா?"

"எதுகிட்ட?"

"தேடுறதுகிட்ட. எப்படித் தேடப்போறன்னு கேட்டா அதுவே எழுதிக் காட்டும்ண்ணே."

சூசை கேட்டதில்லை. வேலைக்காரனிடம் போய் யாராவது யோசனை கேட்பார்களா என்று நினைக்கிற ரகம் அவர்.

டீச்சர் ஓடிக்கொண்டிருந்த தேடலை நிறுத்தினாள். ஒரு வரி தட்டினாள். வந்ததைப் படித்தாள். லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"அண்ணே, ஹால்ல இருக்கவங்களுக்கு நாலு டீ வாங்கிட்டு வாங்க."

சூசைக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிவந்தது.

"கடல்ல ஆளு இருக்கு டீச்சர். உங்களுக்கு டீ கேக்குதா?"

"ஆளு இருக்குன்னுதான் சொல்றேன். நாலு டீ. ஓடுங்க."

சொல்லிக்கொடுத்தவள் சொல்லை மீறிப் பழக்கமில்லை. இறங்கிப் போனார். எதிரேதான் கடை. நாலு கிளாஸை விரலில் இடுக்கிக்கொண்டு வந்தார். நாலு பேர் வாங்கிக்கொண்டார்கள்.

டீச்சர் மாடிப்படியில் நின்றிருந்தாள். "இன்னும் நாலு."

போனார். வந்தார்.

"இன்னும் நாலு."

மூன்றாவது தடவை கை சுட்டது. வாயில் வந்ததை எல்லாம் முழுங்கிக்கொண்டு மறுபடியும் போனார். கடைக்கார அப்பாதுரை டீயை ஆற்றாமல் அவரையே பார்த்தான்.

"மொத்தம் எத்தனை பேருண்ணே?"

"நாப்பது இருக்கும்."

"ஏண்ணே, நாப்பது பேருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா கேன்ல ஊத்திக் குடுத்திருப்பேன்ல. ஒரே நடை. நாலுன்னு சொன்னீங்க, நாலு கிளாஸ் குடுத்தேன். எம்மேல என்ன தப்பு?"

நாலுன்னு சொன்னா நாலுதான். சூசைக்குச் சட்டென்று உறைத்தது.

பிறகு டீயை விட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயசு ஆள் ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறியதை ஹாலே பார்த்தது.

லேப்டாப்பைத் திறந்தார். அது எழுதிக் காட்டியிருந்த வழி இன்னும் திரையில் இருந்தது. கடலில் இருக்கும் படகுகள், எதிர்பார்ப்பது: நாலு. ஒவ்வொரு படகுக்கும் மொத்தப் பதிவேட்டையும் முதலிலிருந்து புரட்டுவது என்று அடுத்த வரி.

"நாலு படகுதான்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

"ம்."

"நாலு படகுன்னா இது சரியான வழிதான்."

"ம்."

"அறுநூறு படகு போயிருக்கு டீச்சர். அறுநூறு தடவை புரட்டுது பாவி. நாலுன்னு அதுக்கு யார் சொன்னது?"

டீச்சர் திரையில், அது கடைசியாகக் கணக்கெடுத்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

மே மாதம் ஒன்பதாம் தேதி. மீன்பிடித் தடைக்காலம். அத்தனை படகும் கரையில் கட்டிக்கிடந்த நேரம். ரோந்துக்குப் போன நாலே நாலு படகு கடலில்.

தடை முடிந்ததும் அது தானாக எண்ணிப் பார்த்திருக்கும். சீசன் நேரத்தில் எண்ணிக்கொண்டிருந்தால் வேலை மெதுவாகும் என்று அந்த எண்ணுகிற வேலையை நிறுத்தி வைத்தவர் யார்? இதே சூசை. அதற்காகச் சங்கக் கூட்டத்தில் பொன்னாடை வேறு போர்த்தியிருந்தார்கள்.

"நாந்தான் டீச்சர்," என்றார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

"சரி, எண்ணச் சொல்லுங்க."

சொன்னார். அது எண்ணியது. பதினோரு விநாடி.

மறுபடி வழி கேட்டார். வேறு வழி சொன்னது. படகுப் பட்டியல், போன் பதிவேடு ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தடவை ஓடிவிடுகிறேன் என்றது.

சூசை சிலுவை போட்டுக்கொண்டு பட்டனைத் தட்டினார்.

விரலை எடுக்கவில்லை, பட்டியல் வந்துவிட்டது.

அறுநூற்றுப் பன்னிரண்டு படகு. படகு பேர், போன் நம்பர், ஓட்டுகிறவர் பேர். சூசை அச்சடித்துத் தாள் தாளாகக் கிழித்து ஹாலில் கொடுத்தார். ஆளுக்கு ஒரு போன். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்திக் கூப்பிட்டார்கள். சூசையின் மகள் கையில் கிடைத்த தாளில் அவள் புருஷன் படகு இல்லை. இருந்தாலும் அதில் இருந்த பதினைந்து படகையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

பன்னிரண்டு மணிக்குள் கடைசிப் படகும் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டது.

சாயங்காலம் ஆறரைக்குக் காற்று ஏறியபோது துறைமுகத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒன்று குறையவில்லை. கிளாட்வின் நனைந்த சட்டையோடு வந்து மாமனாரைக் கட்டிப்பிடித்தான். கரையேறியவர்கள், கூப்பிட்டவர்கள், பிள்ளைகுட்டி எல்லாம் சங்கத்துக்குள் நெருக்கியடித்து ஒரே சிரிப்பு. மழைச் சத்தமே கேட்கவில்லை.

அப்பாதுரை தானாகவே கேனைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்தான்.

"எத்தனை கப் எடுக்கட்டும்?"

"ஒரு நாப்பது எடு, காலைல நாப்பது பேருதான்," என்றார் சங்கத் தலைவர்.

"இரு," என்றார் சூசை.

நாற்காலியில் ஏறி நின்றார். வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தலையாக எண்ணத் தொடங்கினார்.