ராஜாவுக்கும் சாமிக்கும் ஒரே சட்டம்

முன்னொரு காலத்தில் ஏழுகுன்ற நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

அவருடைய சபையில் வாகீசர் என்று ஒரு பண்டிதர். நிறையப் படித்தவர். மந்திரி மருதப்பிள்ளை பேசினால் ராஜா சிரிப்பதும், தான் பேசினால் கொட்டாவி விடுவதும் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தன.

ஒருநாள் பண்டிதர் எழுந்தார். "மகாராஜா, நம் மலைக்கோயில் சாமியை ஜனங்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? 'அப்பா' என்கிறான் ஒருவன். 'மலையா' என்கிறாள் ஒருத்தி. 'வாடா, போடா' என்றுகூடப் பேசுகிறார்கள்! சாஸ்திரப்படி அவருடைய திருநாமம் 'அநாதி அகண்ட பரிபூரண சச்சிதானந்த குன்றுடைய நாயகர்' என்பது. வேறு பெயர் சொல்பவர்களை நாடு கடத்த வேண்டும்!"

"பேஷ்! இன்றிலிருந்து அதுவே சட்டம்" என்றார் ராஜா.

மறுநாளே காவலர்கள் ஒரு பெண்ணைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். அவள் பெயர் சடைச்சி. காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கும் புருஷனை வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே, "அப்பா! மலையப்பா! உனக்குக் கண்ணில்லையாடா?" என்று கத்தியிருக்கிறாள்.

"பெயரும் தப்பு, மரியாதையும் இல்லை. நாளைச் சாயங்காலத்துக்குள் எல்லை தாண்டி அனுப்புங்கள்!" என்றார் பண்டிதர்.

"நான் போயிட்டா என் வீட்டுக்காரருக்குத் தண்ணி யாரு சாமி குடுப்பா?" என்று அவள் அழுதாள். ராஜாவின் முகம் வாடியது. ஆனாலும் போட்ட சட்டத்தை மாற்றினால் கௌரவம் என்னாவது? தலையாட்டிவிட்டார். காவலர்கள் அவளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

மருதப்பிள்ளை முதலில் ஒரு ஆளை அனுப்பி, சடைச்சியின் புருஷனைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். பிறகு ராஜாவிடம் வந்தார்.

"அருமையான சட்டம், மகாராஜா! ஒரே ஒரு குறை. சாமிக்குக் கிடைத்த மரியாதை பூமியை ஆளும் தங்களுக்கு வேண்டாமா? தங்களையும் எல்லோரும் முழுப் பட்டத்தோடுதான் அழைக்கவேண்டும் என்று ஆக்கிவிடலாமே!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "எல்லோரும் என்றால்?"

"அரண்மனைக்கு உள்ளேயும்தான்."

"போடு சட்டம்!"

பண்டிதரே பட்டத்தை எழுதிக் கொடுத்தார். "ஸ்ரீமத் ராஜாதிராஜ ராஜமார்த்தாண்ட ராஜகம்பீர சத்ருசம்ஹார வீரகேசரி மகாராஜா."

மறுநாள் காலையில் ராஜா குளிக்கப் போனார். தண்ணீர் ஊற்றுபவன், "ஸ்ரீமத் ராஜாதிராஜ ராஜமார்த்தாண்ட..." என்று ஆரம்பித்துக் கடைசியில் "தண்ணீர் கொதிக்கிறது" என்று முடிப்பதற்குள் ராஜாவின் கால் அண்டாவுக்குள் போய்விட்டது. சாப்பாட்டில் ராணி ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பட்டத்தைச் சொல்லி, "கூட்டு வைக்கட்டுமா?", "ரசம் ஊற்றட்டுமா?" என்று கேட்டாள். சோறு ஆறிப்போனது. ராணியின் முகத்தில் சிரிப்பு இல்லை. யாரோ அந்நியர் வீட்டு விருந்துக்கு வந்ததுபோல இருந்தது ராஜாவுக்கு.

மனசு சரியில்லாமல் தோட்டத்துக்குப் போனார். மந்திரியும் பண்டிதரும் கூடப் போனார்கள். அங்கே மாமரத்தின் மேல் ஏழு வயது இளவரசி செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் எழுந்து நின்றாள். கிளை முறிந்தது. அடுத்த கிளையை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினாள்.

"ஸ்ரீமத் ராஜாதிராஜ... ராஜமார்த்தாண்ட... சத்ரு..."

"இளவரசி, 'ராஜகம்பீர' விட்டுப்போயிற்று!" என்றார் பண்டிதர்.

கை நழுவியது. "அப்பா!" என்று அலறினாள் குழந்தை.

ராஜா செருப்பை உதறிவிட்டுப் பாய்ந்து அவளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். கிரீடம் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. அவள் அவருடைய மார்பில் குத்து குத்தென்று குத்தினாள். "ஏன் சீக்கிரம் வரலே? நீ கெட்ட அப்பா! உன்கூட டூ!"

ராஜா அவளை இறுக்கிக்கொண்டு அழுதார். "திட்டு, கண்ணே. நல்லா திட்டு."

மருதப்பிள்ளை ஓடிவந்து குழந்தைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார். சோறு ஆறும் என்று எதிர்பார்த்தாரே தவிர, இதை அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"மகாராஜா, இளவரசி சட்டத்தை மீறிவிட்டார்" என்றார் மெதுவாக.

"என்ன பேசுகிறீர்? விழும்போது என் குழந்தை வேறு எப்படிக் கூப்பிடுவாள்?"

"பெயர் சொன்னதோடு நிற்கவில்லை. திட்டவும் செய்தார்."

"என்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவாள்? நான் அவளுக்குச் சொந்தம் ஐயா!"

சொல்லி முடித்ததும் ராஜா அப்படியே நின்றுவிட்டார். அவர் கண்முன்னே சிறையில் இருக்கும் சடைச்சி வந்து நின்றாள்.

"பண்டிதர் சொன்ன திருநாமமும் நல்ல பெயர்தான், மகாராஜா" என்றார் மந்திரி. "சாமி எவ்வளவு பெரியவர் என்று அது சொல்கிறது. 'அப்பா' என்பது அவர் நமக்கு யார் என்று சொல்கிறது. அவரைக் கூப்பிட எந்தப் பெயரும் ஆகும். அடுத்தவரை விரட்ட அவர் பெயரை எடுப்பதுதான் ஆகாது."

ராஜா பண்டிதர் பக்கம் திரும்பினார். "வாகீசரே, என் மகளையும் நாடு கடத்தலாமா?"

பண்டிதர் பதறிப்போனார். "ஐயோ, அப்பனே, காப்பாத்து!" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

இளவரசிதான் முதலில் சிரித்தாள்.

ராஜா சிறைக்குத் தானே நடந்துபோய்க் கதவைத் திறந்தார். "என்னை மன்னித்துவிடு, தாயே" என்றார். அரண்மனை வைத்தியரைச் சடைச்சியோடு அனுப்பினார். பண்டிதர் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு பின்னாலேயே போனார். புருஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்வரை அவர்தான் அங்கே தண்ணீர் இறைத்து ஊற்றினார். மருதப்பிள்ளைக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார் ராஜா. இரண்டு சட்டங்களும் அன்றே ஒழிந்தன.

அந்த வருஷம் மலைக்கோயிலில் தேர் இழுத்தார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லி ஊரே கூப்பிட்டது. ராஜாவும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வடம் பிடித்தார். அவருடைய உதடும் அசைந்தது, கண்ணும் நனைந்திருந்தது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாரோ, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் வடம் பிடித்த பண்டிதருக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் அதை விசாரிக்கவும் இல்லை.