கடமானின் முன்னங்கால் எலும்பு

எலும்பைக் கழற்றி மாட்டிக்கொள்ள முடிந்த அந்தக் காலத்தில், மிருகங்களுக்குப் பேச்சும் இருந்தது, மூட்டுவலியும் இருந்தது. எலும்பெல்லாம் உள்ளே கருங்கல் போல ஒரே கெட்டி. முயல்கூட மூச்சு வாங்கித்தான் ஓடும்.

அதற்கு வழி கண்டவன் கூரன் என்கிற முள்ளம்பன்றி. எலும்பைக் கொடுத்தால் உள்ளே கொறித்து எடையைக் குறைத்துத் தருவான். கண்டபடி கொறிக்கமாட்டான். முதலில் அந்த மிருகத்தை நடக்கவிட்டு, ஓடவிட்டு, மேட்டிலிருந்து குதிக்கவிட்டுப் பார்ப்பான். பாரம் எந்தப் பக்கமாக இறங்குகிறதோ, அந்தப் பக்கம் மட்டும் இழை இழையாக எலும்பை விட்டுவைப்பான். மற்றதெல்லாம் அவன் வயிற்றுக்கு. முயலுக்குச் செய்தான், மந்திக்குச் செய்தான், ஒன்றும் சோடை போகவில்லை. பேர் வந்தது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஒரு மழைநாளில் செம்பி என்ற கடமான் தன் குட்டியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, ரெண்டு குட்டியைச் செந்நாய்க்குக் குடுத்துட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம். நான் நாய்ங்களை இழுத்துக்கிட்டு ஓடினாத்தான் இது ஒளிய முடியும். காலு கனக்குது."

"முன்னங்கால் ரெண்டையும் கழட்டிக் குடு தங்கச்சி."

"பாறையிலேர்ந்து குதிச்சுக் காட்ட வேணாமா?"

"மழையில எதுக்கும்மா? எத்தனை காலு பாத்திருக்கேன். நிக்கிறதைப் பாத்தாலே எனக்குப் போதும்."

நிற்கும்போது பாரம் நேராகத்தானே இறங்கும்? கூரன் இழைகளை நேர் நேராக விட்டான். சாய்வாக ஒன்றுகூட விடவில்லை. மழை விடுவதற்குள் வேலை முடிந்தது. செம்பி காலை மாட்டிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள். நீ நல்லா இருப்பே அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனுக்கு அது இனிப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் செந்நாய்கள் வந்தன. குட்டியை மூங்கில் புதரில் தள்ளிவிட்டு, செம்பி அவற்றின் கண்ணில் படும்படி ஓடினாள். நாய்கள் வெகுதூரம் பின்தங்கிவிட்டன. ஓடைக்கரைப் பாறையிலிருந்து அவள் தாவி, காலைச் சாய்வாக ஊன்றிய இடத்தில் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் வளையில் இருந்த கூரனுக்கே கேட்டது.

அவன் போய்ச் சேர்ந்தபோது நாய்கள் தின்று முடித்துப் போயிருந்தன. முறிந்த எலும்பை எடுத்து உள்ளே பார்த்தான். பார்க்கப் பார்க்க அவமானமாக இருந்தது. புதரிலிருந்து அம்மாவைத் தேடி வந்த குட்டி பக்கத்தில் நின்றது.

"அம்மா எங்க மாமா?"

"நான் சாய்ச்சு ஒரு இழை விட்டிருக்கணும்பா," என்றான் கூரன். குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

சேதி காடெங்கும் பரவியது. மிருகங்கள் எலும்பைச் சதைக்குள் பதுக்கித் தோலை மூடிக்கொண்டன. இனி யார் கையையும் நம்புவதில்லை என்று எலும்புகளும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கின. பாரம் விழும் பக்கம் இழை கூட்டும். படுத்தே கிடப்பவனுக்கு இருப்பதையும் அரித்துவிடும்.

அன்று முதல்தான், காட்டில் எந்த மிருகத்தின் எலும்பு கிடந்தாலும் முள்ளம்பன்றி அதைக் கொறித்துத் திறந்து பார்க்கிறது. ஒவ்வொன்றிலும் அந்தச் சாய்வு இழை இருக்கிறது.